குஞ்சு கேட்பதற்கு முன் ஒரு வார்த்தை

பல்லடத்தில் எங்கள் கோழிப்பண்ணை அலுவலகத்தில் புரோகிராம் எழுதும் திருமூர்த்திக்கு நாற்பத்தாறு வயது. பக்கத்துத் தோட்டத்தில் கடப்பாரை இரவல் வாங்கப் போனாலும் மாடு, மழை, மாப்பிள்ளை என்று அரை மணி நேரம் விசாரித்துவிட்டு, செருப்பை மாட்டும்போதுதான் வந்த காரியத்தைச் சொல்வார். எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான். ஆனால் இந்த மனுஷன் அதைக் கம்ப்யூட்டரிடமும் செய்தார்.

குஞ்சு பொரிக்கும் கம்பெனியின் சர்வருக்கு எங்கள் புரோகிராம்தான் ஆர்டர் அனுப்பும். வலைமுகவரியின் கடைசியில் கேள்விக்குறி போட்டு, எந்தப் பண்ணை, எத்தனை குஞ்சு, எந்தத் தேதி என்று மூன்று விவரங்களைக் கோர்த்தால் போதும். அவற்றுக்கெல்லாம் முன்னால் திருமூர்த்தி தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்திருந்தார்: 'சாப்டீங்களா'.

"எடுத்த எடுப்புலயே குஞ்சு குடுன்னா மரியாதையா இருக்குமுங்களா?" என்பார்.

மூன்று வருடம் சர்வர் அதைக் கண்டுகொள்ளவில்லை. அங்கே புதிதாய்ச் சேர்ந்த இன்ஜினியர் நேஹா, போன வியாழக்கிழமை, சர்வர் கேட்காத விவரம் இருந்தால் ஆர்டரையே திருப்பிவிடும்படி மாற்றிவிட்டாள். எங்கள் ஆர்டர் அத்தனையும் திரும்பி வந்தன. நாற்பது கொட்டகை காலி.

முதலாளி வெங்கடபதி வந்து கத்தினார். "நாலு மணிக்குள்ள ஆர்டர் போகோணும். இல்லீன்னா நீங்க ஊட்டுக்குப் போயிருங்க."

ஒரு வார்த்தையை அழித்தால் வேலை தப்பும். திருமூர்த்தி அழிக்கவில்லை. மேசைச் சாமான்களைப் பையில் அடுக்கிவிட்டு நேஹாவுக்குப் போன் போட்டார். சொந்த ஊர் எது, அப்பா அம்மா சௌக்கியமா, அங்கே மழை உண்டா என்று போய்க்கொண்டே இருந்தது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். மூன்றே முக்காலுக்கு, "சாப்டீங்களா அம்மணி?" என்றார்.



"இல்லை சார்," என்றாள் நேஹா ஸ்பீக்கரில். "இங்க சேர்ந்து நாலு மாசமாச்சு. யாரும் கேட்டதில்லை."

அவள் அந்த வார்த்தைக்கு வழிவிட, மூன்று ஐம்பத்தைந்துக்கு எங்கள் ஆர்டர் போய்ச் சேர்ந்தது. அந்தப் பெண் அதோடு நிற்கவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்காத ஆர்டரை சர்வர் வாங்கவே கூடாது என்று மாற்றிவிட்டாள். மற்ற கம்பெனிகளின் ஆர்டர்களெல்லாம் திரும்ப, சுற்றுவட்டாரத்தில் அன்றைக்கு எங்களுக்கு மட்டும்தான் குஞ்சு.

வெங்கடபதி மறுபடி வந்தார். மன்னிப்புக் கேட்டுப் பழகாதவர். பையைப் பார்த்தார், விட்டத்தைப் பார்த்தார்.

"ஏனுங்க திருமூர்த்தி, சாப்டீங்களா?"

இந்தப் பதினோரு வருட வேலையில் முதலாளி அப்படிக் கேட்டது இதுதான் முதல் தடவை. திருமூர்த்திக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆச்சுங்க," என்றார். மத்தியானச் சாப்பாடு பிரிக்காமல் அவர் பக்கத்திலேயே இருந்தது.