குழி திறக்கிறவர்கள்

அந்தப் படத்தில் எனக்கு அருவருப்பாக இருந்தது பிணம் இல்லை. பிணம் பாவம், துணியைச் சுற்றிக்கொண்டு எகிப்து மண்ணுக்குள் தன்பாட்டுக்குப் படுத்திருந்தது. தொப்பி போட்ட வெள்ளைக்காரர்களைப் பார்த்துத்தான் குமட்டியது. திறப்பவன் சாவான் என்று வாசலிலேயே சாபம் எழுதியிருக்கிறது. அதைப் படித்துவிட்டு, சிரித்துக்கொண்டே கடப்பாரையைப் போடுகிறார்கள்.

பழைய கறுப்பு வெள்ளைப் படம். சித்தப்பாதான் தன் போனிலிருந்து எங்கள் டிவியில் போட்டார். அப்பா இறந்தபிறகு, ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் பிரேசர் டவுனிலிருந்து காக்ஸ் டவுனில் இருக்கும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவது அவர் வழக்கம். அன்று அம்மா நல்லி எலும்புக் குழம்பு வைத்திருந்தாள். எலும்பைத் தட்டில் தட்டி, உள்ளே இருப்பதைச் சத்தமாக உறிஞ்சி, வெறும் எலும்பைத் தட்டோரம் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்துக்கே நான் என் தட்டைத் தள்ளிவைத்தேன்.

டிவியில் சவப்பெட்டியின் மூடியை நெம்பிக்கொண்டிருந்தபோதுதான் விஷயத்துக்கு வந்தார்.

"அண்ணி, எங்க மாமியாருக்கு டாக்டர் கைய விரிச்சுட்டாரு. கல்லறையில புது இடம் தரமாட்டேங்கிறாங்க. அண்ணன் குழி இருக்கே, அதைத் திறந்து வச்சிரலாமா?"

எங்கள் கல்லறைத் தோட்டத்தில் இடமே இல்லை. ஒரே குழியைக் குடும்பத்தில் அடுத்தவருக்கும் திறப்பது இங்கே எல்லோரும் செய்வதுதான். ஆனால் ஒருமுறை திறந்தால் பல வருஷத்துக்கு மறுபடி திறக்கவிட மாட்டார்கள். அம்மாவுக்கும் எழுபது தாண்டிவிட்டது. அப்பாவோடு அந்த இடம் தனக்கென்று இருந்தாள். அது சித்தப்பாவுக்கும் நன்றாகத் தெரியும். அந்த மாமியாரோ இன்னும் ஆஸ்பத்திரியில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்பான் என்பார்கள். இவர் செத்தவர் பாயையே கேட்டார்.

"உங்க அண்ணன் எலும்பு?" என்றாள் அம்மா.

"அதுக்கென்ன, ஒரு மூட்டையா கட்டி ஓரமா வச்சிருவாங்க." சொல்லிக்கொண்டே இன்னொரு எலும்பைத் தட்டோரம் வைத்தார்.

எழுந்துபோய் டிவியை அணைத்தேன்.

அம்மா குரலை உயர்த்தவில்லை. "படத்துல செத்தவன் சாபம் போட்டான். உங்க அண்ணன் போட மாட்டாரு, சாது. நான் உயிரோட இருக்கேன். நான் போடுவேன்."

"சும்மா கேட்டேன் அண்ணி" என்று சித்தப்பா சிரித்தார். மோர்கூடக் கேட்காமல் கிளம்பிவிட்டார்.

அவர் தட்டை நான்தான் எடுத்தேன். இரண்டு விரலால் பிடித்து, எலும்புகளைக் குப்பையில் கொட்டினேன். "இந்தாள இனிமே வீட்டுக்குள்ள விடாதம்மா" என்று கத்தினேன்.

அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. அவளுக்காக அந்தக் குழியைத் திறக்கும்போதும் அப்பா மூட்டைதான் என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. அவள் எப்போதோ யோசித்து முடித்திருந்தாள்.

"எனக்காகத் திறக்கும்போது," என்றாள், "அவர் மூட்டையக் கால்மாட்டுல வைக்க விடாத. என் கைப்பக்கம் வைக்கச் சொல்லு."