எனிட் பார்த்த வெள்ளை அலகு

எனிட் ஹார்க்கர் பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்தொரு வருஷம் உருளைக்கிழங்கு மசித்தவள். அக்டோபரில் வாடைக்காற்று கிளம்பினால் போதும், யார்க்‌ஷயர் கடலோரத்துச் செங்குத்துப் பாறைமேல் மடக்கு நாற்காலியைப் போட்டு, தொலைநோக்கியில் கண்ணை வைத்துவிடுவாள். அங்கே கூடும் பறவைப் பிரியர்களுக்குள் ஒரு வழக்கம்: அரிய பறவையை முதலில் பார்ப்பவர் உரக்கக் கத்த வேண்டும், மற்றவர்கள் தேடிப் பிடிக்க வேண்டும். யார் கத்தினாலும் முதலில் கிண்டல்தான் வரும். எனிட் கத்தினால் மட்டும் எல்லாத் தொலைநோக்கியும் மறுபேச்சில்லாமல் திரும்பும். பெரிய பெரிய படிப்பாளிகளுக்கே அங்கே வாய்க்காத மரியாதை அது.

அன்றைக்குப் பக்கத்தில் இரண்டு பேர். ஒருவர் டெஸ்மண்ட், பஸ் ஓட்டுகிறவர். அந்தப் பாறையிலிருந்து இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது வகைப் பறவைகளைப் பார்த்துவிட்டு, மூன்று வருஷமாக அடுத்த ஒன்றுக்குத் தவம் கிடக்கிறார். மற்றவர் நெவில், குழாய் ரிப்பேர்காரர்.

"முந்நூறாவதா உன் பஸ்ஸையே எழுதிக்கயேன்யா," என்றார் நெவில். "அதுவும் அபூர்வமாத்தான் வருது."

மூன்று மணி வாக்கில் முதுகுப் பக்கம் மேகம் விலகி வெயில் அடித்தது.

"வெள்ளை அலகு டைவர்!" எனிட் கத்தினாள். "மிதவைக்கு மேல, வடக்க போகுது!"

டைவர் வாத்தைவிடப் பெரிய கடல்பறவை. கறுத்த அலகுக்காரன் ஒவ்வொரு இலையுதிர்காலமும் வருவான். வெள்ளை அலகுக்காரன் பனிக்கடல்வாசி, இந்தப் பக்கம் தலைகாட்டுவதே இல்லை.

"பாத்துட்டேன்! என்னமா மின்னுது!" டெஸ்மண்ட் எனிட்டின் கம்பளித் தொப்பிக்கே முத்தம் கொடுத்துவிட்டார். நெவில் நாலு ஊருக்குச் செய்தி அனுப்பினார். அதைப் பார்க்க லீட்ஸிலிருந்து ஒரு கார் கிளம்பியேவிட்டது. பார்த்த பறவைகளைக் குறிக்கும் பொது நோட்டிலும் ஒரு வரி ஏறியது.

கொண்டாட்டத்தில் பறவையை மறக்காதவள் எனிட் ஒருத்திதான். அது தண்ணீரில் இறங்கியது. வெயில் மறைந்தது. அலகு கறுப்பு! வெள்ளையடித்தது வெயில்தான். பறவை முங்கியது, பிறகு கண்ணில் படவே இல்லை.

அலகு கறுத்ததை வேறு யாரும் பார்க்கவில்லை. பேசாமல் டீயைக் குடித்திருந்தால் யாருக்கும் ஒரு நஷ்டமும் கிடையாது. டெஸ்மண்ட் போனில் மனைவியிடம் சின்னப் பிள்ளை மாதிரி குதித்துக்கொண்டிருந்தார்.

"டெஸ்மண்ட், போனை வைய்யா. நான் தப்பாச் சொல்லிட்டேன்."

"என்னம்மா விளையாடறே?"

"வெயில் போனதும் பாத்தேன். அலகு கறுப்பு. வழக்கமா வர்றதுதான்."

"என் கண்ணால வெள்ளையாப் பாத்தேனே!"

"நான் வெள்ளைன்னு கத்தினப்புறம்தானே பாத்தே?"

டெஸ்மண்டின் முகம் செத்துப்போயிற்று. "வாயை மூடிட்டு இருந்திருக்கலாமில்ல?"

"இருந்திருக்கலாம். அடுத்த தடவை கத்தறப்ப, என்னை நானே நம்ப வேண்டாமா?"

பொது நோட்டில் தன் கையாலேயே அந்த வரியை அடித்து, 'என் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எனக்கென்றால் அந்தத் துணிச்சல் வந்திருக்காது.

நெவிலின் போன் அடித்தது. காரில் வருகிறவர்கள். நெவில் தயங்குவதைப் பார்த்து டெஸ்மண்டே பிடுங்கிக்கொண்டார்.

"வண்டியைத் திருப்புங்கய்யா. அது இல்லை... ஆமா, நான் பாத்தேன். வெள்ளையாத்தான் இருந்துச்சு, சத்தியமா. ஆனா எனிட் இல்லைங்கறா."