வயரைப் பிடுங்கிப் பார்த்தவர்

மட்டக்களப்பில் நான் கணினி படிப்பித்த காலத்தில் இணையம் என்றால் தொலைபேசி லைன்தான். மழை பெய்தால் அறும். சண்டை நடந்தால் அறும். ஒன்றுமே நடக்காவிட்டாலும் அறும். பாதி இறங்கிய ஃபைல் பாழாகிவிடும், மறுபடி முதலிலிருந்து இறக்க வேண்டும். எத்தனை தரம் மேசையில் அடித்திருப்பேன்!

இறுதியாண்டுப் பிள்ளைகள் மூவர் இந்த எரிச்சலையே புரொஜெக்டாக எடுத்தார்கள். ஃபைல் இறக்கும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் ஒன்று இருந்தது. அதன் நிரலை யாரும் திருத்தி அனுப்பலாம். அதைக் கவனிப்பவர் பார்த்துச் சேர்த்துக்கொள்வார். அறுந்த இடத்திலிருந்து தொடரும்போது அதில் ஒரு பிழை வந்தது. பிள்ளைகள் அதைச் சரிசெய்து, அந்தத் திருத்தத்தை அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் துறைத் தலைவர் கறாரானவர். “அவங்க சேர்த்தா பாஸ். இல்லாட்டி அடுத்த வருசம் திரும்பச் செய்யுங்க.”

மூவரில், கிரான் கிராமத்திலிருந்து வந்த வசந்திக்கு அது பேரிடி. இராணுவச் சென்ட்ரிகளைத் தாண்டி இன்னொரு வருடம் வந்துபோக வீட்டில் விடமாட்டார்கள். படிப்பு அதோடு சரி.

அந்த மென்பொருளுக்கான மெயிலிங் லிஸ்டில் பதில் வந்தது. கவனிப்பவர் ஐரோப்பாவில் எங்கோ இருந்தார். ‘இங்கே இந்தப் பிழை வரவில்லை. வராத பிழைக்குத் திருத்தம் எதற்கு?’

வசந்தி கொதித்துப்போனாள். “நம்மளப் பொய்க்காரர் எண்டு உலகத்துக்கே சொல்லுறான் மிஸ்!”

“கோவப்படாதகா புள்ள. நீங்க எழுதினதக் காட்டு, பாப்பம்.”

வாசித்தேன். ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று தொடங்கி, ‘தொடர்பு துண்டிக்கப்படும் வேளைகளில்’ என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

“லைன் அறுற கதைய ஏன் எழுதல்ல?”

“வெக்கமா இரிக்கு மிஸ். நம்மட சீத்துவத்த எல்லாருக்கும் சொல்லுறதா?”

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. “வெக்கத்த வெச்சிக்கிட்டு பாஸ் பண்ணுவியா? அந்த மனுசன்ட வீட்டில லைன் அறுறதே இல்ல. அவருக்கு எப்பிடி விளங்கும்?”

முறைத்துக்கொண்டே உட்கார்ந்து எழுதினாள். ஐயாவும் இல்லை, மதிப்பும் இல்லை. ‘ஃபைல் இறங்கும்போது வயரைப் பிடுங்குங்கள். திரும்பச் செருகுங்கள். ஐந்து தரம் செய்யுங்கள். எங்களுக்கு ஒரு காலைப்பொழுது இப்படித்தான் போகிறது.’

அனுப்பிய கையோடு ஊரடங்கு. லைனும் செத்துவிட்டது. வசந்தி களுதாவளைப் பிள்ளையாருக்கு நேர்த்திக்கடன் வைத்தாள். நான் கேலி செய்தேன். ஆனாலும் மனதுக்குள் நானும் கும்பிட்டேன்.

லைன் வந்த அன்று பதிலும் வந்தது. ‘பிடுங்கினேன். மூன்றாம் தரம் ஃபைல் பாழானது. நீங்கள் சொன்னது சரி. சேர்த்துவிட்டேன்.’ மூன்று பிள்ளைகளும் என்னைக் கட்டிப்பிடித்துக் கத்தியதில் பக்கத்து வகுப்பே எழுந்து வந்துவிட்டது. அப்படியொரு சந்தோசம் எனக்கு அந்த வருடங்களில் அதிகம் வாய்க்கவில்லை.

இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். முகம் தெரியாதவரோடு சேர்ந்து வேலை செய்தால், உங்கள் மேசையில் நடப்பதை உள்ளபடி சொல்லுங்கள். அவர் மேசையில் அது நடப்பதில்லை.

அந்த மெயிலின் அடியில் அவர் ஒன்று கேட்டிருந்தார். ‘மின்சாரமும் நின்றால் என்ன ஆகும்? சோதித்துப் பார்க்க முடியுமா?’

வசந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “அதுக்கு நாம ஒண்டும் செய்யத் தேவையில்ல மிஸ். சும்மா இருந்தாலே போதும்.”