நிறைக்குப் பின்னால் ஒளிந்த நாட்கள்

தராசு தொண்ணூற்று நான்கு கிலோ என்று காட்டியபோது எனக்கு வெட்கம் வரவில்லை, நிம்மதி வந்தது. இதை இத்தனை காலமும் எவரிடமும் சொன்னதில்லை. இந்த நிறையோடு உங்களிடமிருந்து சிறுநீரகம் எடுக்க முடியாது, எண்பத்திரண்டுக்கு இறங்கிய பிறகு பார்ப்போம் என்றார் டொக்டர். பக்கத்துக் கதிரையில் அக்கா இருந்தாள். நான் முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் ஒருவன், அப்பாடா, இப்போதைக்கு இல்லை என்று காலை நீட்டிக்கொண்டு படுத்தான். அடுத்த கணமே அவனை நினைத்துப் பயந்துபோனேன்.

அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். கலியாணம் செய்யவில்லை. கரவெட்டியில் என்னோடும் என் மனைவியோடும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டும் பழுதாகி அப்போது இரண்டு வருடம். வாரத்தில் இரண்டு நாள் யாழ்ப்பாணத்துக்குப் போய், நான்கு மணித்தியாலம் மெசினில் இரத்தம் சுத்திகரித்து வருவாள். நாளைக்கு எழுநூற்றைம்பது மில்லிலீற்றர் தண்ணீர்தான் அவளுக்கு அளவு. பால் விடாத பிளேன்ரீ, சொதி, மாத்திரை விழுங்கும் மிடறு எல்லாம் அதற்குள் அடக்கம். காலையில் ஒரு போத்தலில் அளந்து குசினி மேசையில் வைத்துவிடுவாள். வைகாசி வெயிலில் நாங்கள் செம்பு செம்பாகக் குடிக்கும்போது அவள் எழுந்து முற்றத்துக்குப் போய்விடுவாள். அவளுக்கு முன்னால் தண்ணீர் குடிக்கவே எங்களுக்குக் கூச்சமாக இருந்தது.

வீட்டில் இரத்தம் பொருந்தியது எனக்கு. தம்பி தருவான் என்று ஊர் முழுக்கக் கதை பரவிவிட்டது. கோயில் வீதியில் கண்டவர்கள் எல்லாம் என் கையைப் பிடித்து, நீ பெரிய மனிசனடா என்றார்கள். நானோ ஊசியைக் கண்டால் மறுபக்கம் முகத்தைத் திருப்புகிறவன். பிரதேச செயலகத்தில் கடதாசிக் கோவைகளுக்கு நடுவில் இருந்து இருந்தே வயிறு வைத்தவன். இடது பக்கத்தில்தான் எடுப்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள். கிணற்றடியில் சவர்க்காரம் போடும்போது கை அந்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிடும். அதற்குள் கத்தி போகும், உள்ளே இருப்பதை வெட்டி வெளியே எடுப்பார்கள் என்று நினைத்தபடி, தண்ணீர் இறைக்கும் துலாக்கால் பக்கத்தில் ஈரத்தோடு குந்தியிருந்திருக்கிறேன்.

ஆனாலும் பன்னிரண்டு கிலோ குறைக்கத்தான் வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே வழியில் தொடங்கினேன், அது விரதம். எங்களுக்கு நன்றாகப் பட்டினி கிடக்கத் தெரியும், நன்றாகச் சாப்பிடவும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருப்பதை எவரும் பழக்கிவிடவில்லை. அப்போது கந்தசஷ்டி வந்தது. ஆறு நாளும் இளநீரும் தண்ணீரும் மட்டும் என்று வைராக்கியமாக இருந்தேன். நான்கு கிலோ இறங்கியது. முருகனே எடுத்துவிட்டான் என்று நினைத்தேன். ஏழாம் நாள் விரதம் முறிக்கும் பாறணை. பதினாறு கறி, வடை, பாயாசம், மோர்மிளகாய், அப்பளம். அடுத்த நாள் முழுவதும் அதன் மிச்சம். இரண்டு கிழமையில் இறங்கிய நான்கோடு இன்னொன்றும் சேர்ந்து ஏறியது. அதை ஈடுகட்ட மறுபடி வெறும் வயிற்றோடு கிடந்து, ஆஸ்பத்திரித் தராசில் ஏறப்போன இடத்தில் கண் இருண்டு தாதியின் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

அன்றைக்குத்தான் என்னை உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண்பிள்ளை. நான் சொன்னதையெல்லாம் சிரிக்காமல் கேட்டாள்.

"விரதத்தைச் சாமிக்கு வையுங்கோ ஐயா. நிறைக்கு வையாதேங்கோ."

பிறகு ஒரு துண்டில் ஆயிரத்து எழுநூறு என்று எழுதித் தந்தாள். ஒரு நாளைக்கு அவ்வளவு கலோரி. கூடவும் வேண்டாம், பெரிதாகக் குறையவும் வேண்டாம். எந்தச் சாப்பாட்டையும் விலக்கச் சொல்லவில்லை. புட்டு சாப்பிடலாம், ஆனால் தேங்காய்ப்பூவையும் சேர்த்துக் கணக்கெடுக்க வேண்டும். பிளேன்ரீக்குக் கடிக்கும் பனங்கட்டியும் சாப்பாடுதான். சோறு எப்போதும் ஒரே கோப்பையால் அளக்க வேண்டும். ஒரு நாள் கூடிப்போனால் மறுநாள் பட்டினி கிடக்காமல் பழையபடி ஆயிரத்து எழுநூறுக்குத் திரும்ப வேண்டும். கிழமையில் ஒரு நாள் மட்டும் நிறை பார்க்க வேண்டும். இவ்வளவுதானா என்று கேட்டேன். இவ்வளவுதான் என்றாள். இவ்வளவு சுலபமாக இருந்தால் தப்பிக்க வழியில்லையே என்று எனக்குப் பட்டது.

வீட்டில் இப்போது கணக்கு எழுதும் கொப்பிகள் இரண்டு. அக்காவின் தண்ணீர்க் கொப்பி முன்பே இருந்தது. அதன் பக்கத்தில் என்னுடையதை வைத்தேன். மனைவி சோற்றுக்கு ஒரு கோப்பையை ஒதுக்கி, அதை வேறு எவரும் தொடக்கூடாது என்று சட்டம் போட்டாள். தேங்காய் முதற்பாலைக் கறியிலிருந்து எடுத்துவிட்டாள். சுன்னாகம் சந்தைப் பக்கம் போகும் நாட்களில் பை நிறையக் கத்தரியும் பயற்றங்காயும் வாங்கி வந்தேன். பசி இருந்தது, ஆனால் கண் இருளவில்லை. கிழமைக்கு அரைக் கிலோ, சில கிழமை அதுவும் இல்லை. தைப்பொங்கல் கழிந்து மூன்று மாதத்தில் எண்பத்தெட்டுக்கு வந்துவிட்டேன். அரைக்கட்டில் பெல்ற்றுக்குப் புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது. அக்கா அந்த ஓட்டையைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைக் கண்ட நாளில்தான் பயம் பெரிதாகியது. அதுவரை கத்தி எங்கேயோ தூரத்தில் இருந்தது. இப்போது ஆறு கிலோ தூரத்தில் நின்றது. கிழமைக்கு அரைக் கிலோ என்றால் பன்னிரண்டு கிழமை. என் கையால் நானே அதைக் கிட்டக் கிட்டக் கூட்டி வந்துகொண்டிருந்தேன். மயக்க மருந்து கொடுத்தால் எழும்பாமல் போனவர்கள் உண்டு என்று அலுவலகத்தில் ஒருவர் சாதாரணமாகச் சொன்னார். அன்று முழுவதும் என்னால் ஒரு கடிதம் எழுதி முடிக்க முடியவில்லை.

மாலையில் நெல்லியடியில் ஒரு தேநீர்க்கடைக்குள் போனேன். முட்டையும் இறைச்சியும் வைத்துச் சுற்றிப் பொரித்த பெரிய ரோல் ஒன்று உண்டு, எங்கள் பக்கத்தில் அதற்கு மிதிவெடி என்று பெயர். நிலத்துக்குள் உண்மையான மிதிவெடி கிடந்த ஊரில் தின்பண்டத்துக்கு அந்தப் பெயரை வைத்துச் சிரிக்கிற சனம் நாங்கள். சுவரைப் பார்த்தபடி இருந்து ஒன்றைத் தின்றேன். பிறகு இன்னொன்று. பசி இல்லை. பயத்தில்தான் தின்றேன். தின்று முடித்ததும் நெஞ்சு கொஞ்சம் அடங்கியது. வீட்டுக்கு வந்து கொப்பியில் வழக்கம்போல ஆயிரத்து எழுநூறு என்று எழுதினேன்.

அது ஒரு நாளோடு நிற்கவில்லை. கிழமையில் மூன்று நாள், நான்கு நாள் ஆனது. கடைக்காரர் என்னைக் கண்டதும் கேட்காமலே தட்டை வைக்கத் தொடங்கினார். தராசு எண்பத்தெட்டில் நின்றது, பிறகு எண்பத்தொன்பது காட்டியது. சிலருக்கு இடையில் அப்படி நிற்கும், பொறுமையாக இருங்கள் என்று ஆலோசகப் பிள்ளை ஆறுதல் சொன்னாள். மனைவி தன் சமையலில்தான் பிழை என்று நினைத்து எண்ணெயை இன்னும் குறைத்தாள். அவர்கள் இருவரையும் நான் தடுக்கவில்லை. கள்ளனுக்கு இருக்கிற வெட்கம்கூட எனக்கு இருக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை, நாலரை மணி இருக்கும். கையில் பாதி மிதிவெடி. மனைவியின் அழைப்பு வந்தது. அக்காவுக்கு மூச்சு முட்டுகிறது, ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போகிறேன், நீங்கள் நேரே வாருங்கள் என்றாள். மோட்டார் சைக்கிளை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. நான் போனபோது அக்காவைக் கட்டிலில் நிமிர்த்தி இருத்தி ஒட்சிசன் பிடித்திருந்தார்கள். நுரையீரலில் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்றார்கள். தண்ணீரில் மூழ்குகிற ஆளைப்போல அவள் தலை மேலே மேலே ஏறியது. அவள் கண் என்னைத் தேடிப் பிடித்தது. என் சட்டையில் பொரித்த தூள் ஒட்டியிருந்தது. தட்டிவிடவும் பயமாக இருந்தது, விடவும் பயமாக இருந்தது. அவள் செத்தால் நான்தான் கொன்றவன் என்று அந்த இடத்திலேயே எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

மெசினில் போட்டுத் தண்ணீரை எடுத்தார்கள். மறுநாள் மத்தியானம் கதைக்கக்கூடிய அளவுக்கு வந்துவிட்டாள். மனைவி முகம் கழுவப் போயிருந்தாள். அக்கா என்னைக் கிட்ட வரச் சொன்னாள்.

"தம்பி, உன்ரை கொப்பியைப் பாத்தனான். எல்லா நாளும் ஆயிரத்து எழுநூறு. ஒரு நாளும் பத்துக் கூடேல்லை, பத்துக் குறையேல்லை. உள்ளதை எழுதுறவன்ரை கொப்பி உப்பிடி இராது."

நான் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்ரை கொப்பியைப் போய்ப் பார். எழுநூற்றிப் பத்து, எழுநூற்றுத் தொண்ணூறு, ஒரு நாள் ஆயிரத்து நூறும் கிடக்கு. அண்டைக்குத் தாகம் தாங்கேலாமல் குடிச்சிட்டன். அதையும் எழுதித்தான் வைச்சிருக்கிறன். உனக்குப் பயமெண்டால் பயமெண்டு சொல்லு. தரேலாதெண்டாலும் சொல்லு, நான் கோவிக்க மாட்டன். நிறைக்குப் பின்னாலை போய் ஒளிஞ்சு நிக்காதை."

அவள் குரலில் கோபம் இருக்கவில்லை. இருந்திருந்தால் நான் தப்பியிருப்பேன். அவளுடைய கட்டில் விளிம்பில் முகத்தை வைத்து அழுதேன். பயமாக இருக்கிறது அக்கா என்று சொன்னேன். எனக்கும்தான் என்றாள். எனக்கு ஏதும் நடந்துவிடுமோ என்பதுதான் தன் பெரிய பயம் என்றும், அதனாலேயே இத்தனை நாள் பார்த்தும் பாராமல் இருந்ததாகவும் சொன்னாள். இரண்டு பேரும் ஒரே வீட்டில் தனித்தனியாகப் பயந்துகொண்டு இருந்திருக்கிறோம்.

வீட்டுக்கு வந்து கொப்பியை எடுத்தேன். பழைய பொய்களைத் திருத்தவில்லை. புதுப் பக்கத்தில் நேற்றைய திகதியைப் போட்டு, மத்தியானம் சோறு, பின்னேரம் அரை மிதிவெடி என்று எழுதினேன். மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் எண்ணெய்ப் போத்தலைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, இனி நான் ஒரு துளியும் குறைக்கமாட்டேன், உங்கள் வாயை நீங்கள் பாருங்கள் என்றாள். அது நியாயமான பேச்சு.

அதற்குப் பிறகு என் கொப்பி கோணல்மாணலாகத்தான் இருந்தது. ஆயிரத்து அறுநூற்றைம்பது, ஆயிரத்து எண்ணூறு, ஒரு கலியாண வீட்டு நாளில் இரண்டாயிரத்து முந்நூறு. மறுநாள் மறுபடி ஆயிரத்து எழுநூறு. நெல்லியடிக்குப் போகாமல் பின்வீதியால் வீட்டுக்கு வந்தேன். பயம் வந்த நாட்களில் வேலை முடிந்ததும் அக்காவுக்குப் பக்கத்தில் போய் இருந்து, இண்டைக்கும் பயம் என்று சொல்வேன். அவள் ஓம் என்பாள். சொன்னதால் பயம் குறையவில்லை. ஆனால் சொன்ன பிறகு தின்னத் தோன்றவில்லை.

ஆவணி மாதம் தராசு எண்பத்தொன்று புள்ளி ஆறு காட்டியது. டொக்டர் அக்காவையும் என் மனைவியையும் வெளியில் இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். கொடுக்கிற எல்லோரிடமும் தனியாக ஒரு கேள்வி கேட்பது வழக்கம் என்றார். எவருடைய நெருக்குதலாலும் இதைச் செய்கிறீர்களா, உண்மையில் விருப்பம்தானா. விருப்பமில்லாவிட்டால் பரிசோதனையில் ஒரு குறை தெரிகிறது, உங்களிடமிருந்து எடுக்க முடியாது என்று மட்டும் அவர்களிடம் சொல்லிவிடுவோம், காரணம் எவருக்கும் தெரியவராது என்றார்.

நான் மிதிவெடி தின்று தேடிய தப்பும் வழியை அவர் மேசையில் எடுத்து வைத்தார். கதவின் கண்ணாடியில் அக்காவின் தலைமுடி தெரிந்தது.

"பயமாத்தான் கிடக்கு டொக்டர்," என்றேன். "ஆனால் உந்தப் பொய் வேண்டாம். குடுக்கிறன்."

சத்திரசிகிச்சை கொழும்பில் நடந்தது. மயக்கம் தெளிந்தபோது என் வாயில் முதலில் வந்தது ஆயிரத்து எழுநூறு என்று மனைவி இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள். எனக்கு நினைவில்லை. ஐந்தாம் நாள் இடது பக்கத்தைக் கையால் தாங்கிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து அக்காவின் அறைக்குப் போனேன். வாய்க்கும் மூக்குக்கும் துணி கட்டி உள்ளே விட்டார்கள். கட்டிலில் சாய்ந்திருந்தாள். மேசையில் கண்ணாடிச் சாடி நிறையத் தண்ணீர். இனி நன்றாகக் குடிக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டாராம்.

அவள் தம்ளரை எடுத்துக் குடித்தாள். நிறுத்தாமல் குடித்தாள். நான் என்னை அறியாமல் மிடறுகளை எண்ணினேன். ஏழாவதில் பயந்துபோய், போதும் அக்கா என்று கையை நீட்டிவிட்டேன். அவள் வெறும் தம்ளரை என்னிடம் நீட்டி, இன்னொன்று ஊற்றச் சொன்னாள். ஊற்றினேன். ஒரு கை இடது பக்கத்தைத் தாங்கியிருக்க, மறு கையால் சாடியைச் சாய்த்ததில் பாதி தம்ளரிலும் பாதி போர்வையிலும் விழுந்தது. கிட்டத்தட்ட மூன்று வருடமாகப் போத்தலின் அடியில் ஒட்டிய துளியையும் தட்டிக் குடித்தவள் அவள். நான் பதறித் துணியைத் தேடினேன்.

"விடு," என்றாள் அக்கா. "சிந்தினது சிந்தட்டும். உது இனிக் கணக்கிலை இல்லை."