காவலரணில் பெருத்த சிவப்புப் புள்ளி

அம்மா போன மாதம் இறந்தார். பெயர் டோரின். கொட்டாஞ்சேனையில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் வேலை பார்த்தவர். கணினி நிரல் எழுதத் தானாகவே பழகினார். எனக்கும் அதுதான் தொழில். அதனால் அவர் செய்த ஒரு படத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

2008. போர் நடந்துகொண்டிருந்த காலம். கோயில் திருநாள் நெருங்கியிருந்தது. மாதாவின் சுரூபம் எந்தத் தெருக்களால் பவனி வரும் என்று கனடாவுக்குப் போய்விட்ட எங்கள் ஆட்களுக்குக் காட்ட அம்மா ஆசைப்பட்டார். தெரு வரைபடத்தின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி. நிரல் அதைச் சற்றே நகர்த்தி நகர்த்திப் படம் படமாக வரையும். கடைசியில் எல்லாவற்றையும் கோத்து, அசையும் ஒரே ஜிஃப் கோப்பாகத் தரும். சுரூபம் செபத்துக்காக நிற்கும் சந்திகளில் புள்ளி பெருத்து மினுங்கும். அவற்றில் ஒரு சந்தியில் பொலிஸ் காவலரண் இருந்தது. அது எங்கள் இருவருக்கும் உறைக்கவில்லை.

ஞாயிறு பூசைக்குப் பிறகு பொலிஸார் தெருவைச் சுற்றி வளைத்தார்கள். அடையாள அட்டை பார்க்க வந்த அதிகாரி, முன் அறைக் கணினியில் ஓடிக்கொண்டிருந்த படத்தைக் கண்டார்.

“மே மொனவத, நோனா?”

இது என்ன, அம்மணி என்று சிங்களத்தில் கேட்டார். புள்ளி காவலரணில் பெருத்தது.

கந்தோரில் சரளமாகச் சிங்களம் பேசும் அம்மாவுக்கு அன்று அது வாயில் வரவில்லை. “சுரூபம், ஐயா” என்றார் தமிழிலேயே. வெளியே நின்ற ஜீப்பில் பக்கத்து வீட்டு பீற்றரை ஏற்றியிருந்தார்கள்.

நான் சிங்களத்தில் சொன்னேன்: பவனி, மாதா, செபம்.

“மாதாவா, குண்டா?” என்றார் அதிகாரி. பின்னால் நின்ற பொலிஸ்காரன் சிரித்துக்கொண்டே சொன்னான்: “அப்ப ஜீப்பில இருந்து செபம் சொல்லலாம், நோனா.”

அம்மா கதிரையை இழுத்து உட்கார்ந்தார். நிரலில் வரைபடத்தை ஏற்றும் வரியை அழித்தார். புள்ளியின் இடத்தில் மாதாவின் படத்தை வைத்தார். ஓடவிட்டார். பிழை. அதிகாரியின் மூச்சு என் தலைக்கு மேலே கேட்டது. அடைப்புக்குறி ஒன்று விடுபட்டிருந்தது. என் விரலால் காட்டினேன். அம்மாவின் விரல் இரண்டு தடவை வேறு எழுத்தில் விழுந்தது. பிறகு ஓடியது. வெறும் வெள்ளையில் மாதா நகர்ந்து, நின்று, நகர்ந்தார்.

அதிகாரி கடைசிவரை பார்த்தார். பழைய கோப்பைத் தன் கண் முன்னாலேயே அழிக்க வைத்தார். போனார். பீற்றரை மறுவாரம்தான் விட்டார்கள்.

திருநாள் முடிந்து, அம்மா அனுப்பிய புதிய படத்தைப் பார்த்துவிட்டு, கனடாவிலிருந்து மாக்ரெட் அன்ரி தொலைபேசி எடுத்தார்.

“என்னடி டோரின், மாதா ஆகாயத்தில சுத்துறா! எங்கட தெருவ எங்க விட்டனி?”

“தெரு கிடக்கட்டும், மாக்ரெட். நான் பிடிபடாம வீட்டில இருக்கிறன்.”

வாசலில் ஏதோ ஒரு வாகனம் வேகத்தைக் குறைத்தது. அது கடந்து போகும்வரை அம்மா தொலைபேசியின் வாயைக் கையால் பொத்திப் பிடித்திருந்தார்.