ஷெர்லியின் ஸ்ட்ராபெரிப் பாட்டு

மேடை ஏறுமுன் ஷெர்லி ஒரு காரியம் செய்வாள். கைக்குட்டையை வாயருகே வைத்து, அடித்தொண்டையிலிருந்து ஒருமுறை செருமுவாள். பிரித்துப் பார்ப்பாள். தேயிலைத் தூள் பழுப்பாக ஒட்டியிருக்கும். அதை மடித்து இடுப்பில் செருகிவிட்டு, பிளாஸ்கிலிருந்து ஒரு மடக்குச் சுடுதண்ணீர் குடிப்பாள். வாரமெல்லாம் எஸ்டேட் தொழிற்சாலையில் தூள் சலிக்கிறவள், சனிக்கிழமையானால் கல்யாணங்களில் பாடுகிறவள். இப்படிச் செய்யாமல் குரல் வராது.

கூட கீபோர்டு வாசிக்கும் எட்ரியன், சொந்தப் பாட்டுகளைப் பதிவு செய்து பென்டிரைவில் விற்கலாம் என்றான். அவளுக்கு அதில் ஒரு பாட்டுதான் முக்கியம். அவளே எழுதி, அவளே மெட்டுப் போட்ட 'மலையெல்லாம் தூங்கிப்போச்சு'. 'ஜிங்கு ஜிங்கு ஸ்ட்ராபெரி' எட்ரியன் விளையாட்டாகச் செய்தது.

"இந்தக் குப்பைய எங்கக்கா வைக்கிறது?"

"மொதல்ல வை. மொதப் பாட்ட எவன்டா கேக்குறான்? எல்லாம் நாற்காலி தேடிக்கிட்டு இருப்பான். மலைப் பாட்ட நாலாவதா வை. அதுக்குள்ள உக்காந்துடுவாங்க."

கல்யாண மேடையில் அது தப்பாத கணக்கு.

ஸ்ட்ராபெரி பிய்த்துக்கொண்டு போனது. எஸ்டேட் பிள்ளைகள் கைதட்டிப் பாடினார்கள். சுற்றுலா வந்த யாரோ அதை போனில் பிடித்து இணையத்தில் போட்டார்கள். மலைக்குக் கீழே கிள்ளானில் ஓடுகிறது, ஜொகூரில் ஓடுகிறது என்றார்கள். நாலாவது பாட்டைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கேட்டிருக்கிறார்கள், பிடிக்கவில்லை என்று ஷெர்லி நினைத்துக்கொண்டாள்.

ரிங்லெட்டில், தொழிற்சாலையில் கூட வேலை செய்யும் திலகாவின் கல்யாணத்தன்று எட்ரியனிடம் சொன்னாள்: "இன்னிக்கு மலைப் பாட்டு. ஒரே ஒரு தடவ. எடுபடலன்னா அதோட விட்டுடுறேன்."

இரண்டாவது அடியிலேயே முன்வரிசைப் பிள்ளைகள் "ஸ்ட்ராபெரி! ஸ்ட்ராபெரி!" என்று கத்தத் தொடங்கினார்கள். பெண்ணின் மாமா சாமிநாதன் மேடையோரம் வந்தார்.

"தங்கச்சி, எழவு வீடு மாதிரி இருக்கு லா. பிள்ளைங்க ஆடணும்னு நிக்குதுங்க. அதப் போடேன்."

எட்ரியன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். அப்புறம் பாடினாள், திரும்பக் கேட்டார்கள், திரும்பப் பாடினாள். உதடு சிரித்துக்கொண்டிருந்தது. செருப்புக்குள் கால் வீங்கியிருந்தது.

திரும்பும் வழியில் வேன் கண்ணாடியில் தலையைச் சாய்த்தபடி சொன்னாள்: "இனிமே அந்தப் பாட்ட எடுக்காதடா."

"எத, ஸ்ட்ராபெரியவா?"

"அதத்தான் விடமாட்டானுங்களே. மத்தத."

அதன்பின் அவள் அதைப் பாடவேயில்லை.

சில மாதம் கழித்து, பேருந்தைத் தவறவிட்ட ஒரு காலை, தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போகச் சுகுமாரனின் பள்ளிக்கூட வேனில் ஏறினாள். பென்டிரைவை முதன்முதலில் வாங்கியவர் அவர்தான். எஸ்டேட்டின் ஒவ்வொரு லயத்து வீட்டு வரிசை முனையிலும் வண்டியை அணைத்து, பிள்ளைகளை ஏற்றி, மறுபடி கிளப்பினார். கிளப்பும்போதெல்லாம் 'ஜிங்கு ஜிங்கு' தொடக்கத்திலிருந்து ஆரம்பித்தது. பாதி ஓடுமுன் அடுத்த லயம் வந்தது.

"ஏண்ணே, மத்த பாட்டெல்லாம் போட மாட்டீங்களா?"

"பழைய செட்டு தங்கச்சி. வண்டிய அணைச்சா எல்லாம் மறந்துடும். திரும்ப மொதல்லேருந்துதான் வரும்."

அந்த வேனில் போன பிள்ளைகள் ஒருவர்கூட நாலாவது பாட்டைக் கேட்டதே இல்லை.