இலையை வைத்துக்கொண்டு பூவைக் கழித்தோம்

கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் தவிர வேறெதையும் இங்கே எழுதப் போவதில்லை. அக்கா இறந்தபின் இந்தக் கதை உறவினரிடையே பல வடிவங்களைப் பெற்றுவிட்டது. கடைசி நாள்களில் அவர் நிம்மதியாக உறங்கினார் என்கிறார் ஒருவர். மருந்து கொடுத்த நாட்டு வைத்தியர், பரியாரியார், ஏமாற்றிவிட்டார் என்கிறார் மற்றொருவர். இவ்விருவரும் அப்போது அங்கே இருந்தவர்கள் அல்லர். வீட்டில் இருந்தவர்கள் மூவர். அவர்களுள் எஞ்சியிருப்பவள் நான் ஒருத்தியே. ஆகவே ஐயத்துக்கு இடமான எதையும் விட்டுவிடுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டம் ஒன்றில் அக்காவும் அத்தானும் காணி பெற்றிருந்தார்கள். இருவரும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்தவர்கள். நெல் விளைவிக்கப் பின்னரே கற்றார்கள். அத்திட்டத்துப் பாடசாலையில் ஆசிரியையாக இருந்த நான் அவர்களோடு தங்கியிருந்தேன்.

அக்காவின் அடிவயிற்றில் கட்டி இருந்தது. யாழ்ப்பாணத்தில் மருத்துவர்கள் பார்த்துவிட்டு, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நோவு அவரை உறங்க விடவில்லை. பூநகரியில் வைத்தியம் பார்த்துவந்த பரியாரியார் ஒருவர், கஞ்சாச் செடியை வெட்டி, வேண்டாததைக் கழித்து, காயவைத்துக் கொண்டுவந்தால் இலேகியம் கிண்டித் தருவதாகச் சொன்னார். நோய் தீரும் என்று அவர் சொல்லவில்லை; அத்தானும் அதைக் கேட்கவில்லை. உறக்கம் வருமா என்றே கேட்டார். வரும் என்று பரியாரியார் சொன்னார்.

அச்செடியை வளர்ப்பது குற்றம் என்பதை நாங்கள் அறிவோம். மேட்டுக்காணியில், சோளத்துக்கு நடுவே, அத்தான் ஏழு செடிகளை வளர்த்தார். விதையை எங்கே பெற்றார் என்று நான் கேட்கவில்லை. மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை அவற்றை அடியோடு வெட்டிக் கொட்டிலுக்குள் கொண்டுவந்தார். சாக்கை விரித்து நானும் அத்தானும் அமர்ந்தோம். அக்கா எங்களுக்கு எதிரே பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தார்.

புகையிலைக்குப் பூ ஆகாது. பூக்க விட்டால் இலையின் காரம் போய்விடும் என்று பூங்கொத்தை வயலிலேயே முறித்து எறிவார்கள். நெல் அறுவடையில் முனைந்திருந்ததால் அத்தான் இச்செடிகளில் அதைச் செய்யத் தவறிவிட்டார். நுனியெல்லாம் பூத்துவிட்டதே என்று அன்று காலை பலமுறை வருந்தினார்.

"ரீச்சரம்மா, இந்தப் பாடம் உங்கடை புத்தகத்திலை இருக்கோ?" என்று என்னைக் கேட்டார்.

"இருந்தால் பொலிசும் படிச்சிருக்கும், அத்தான். கெதியா முடியுங்கோ."

அக்கா தலையைத் தூக்கிப் பார்த்தார். "இஞ்சருங்கோ, பூவை வடிவா நுள்ளி எடுங்கோ. ஒரு மொட்டுக் கிடந்தாலும் இலை சப்பைதான்."

"இனி நீர்தான் எனக்குப் படிப்பிக்கோணும்."

"பின்னை? பூ முறிக்கத் தெரிஞ்ச மாப்பிள்ளை எண்டு நம்பித்தானே ஐயா என்னைத் தந்தவர்."

அத்தான் சிரித்தார். அக்காவும் சிரிக்கத் தொடங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "என்னைச் சிரிக்கப் பண்ணாதையுங்கோ" என்றார்.

பூங்கொத்துகளில் பிசின் மிகுதியாக இருந்தது. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டின. தேங்காயெண்ணெய் பூசித்தான் கழுவ முடிந்தது. கழித்த பூக்கள் ஓர் ஓலைக் கடகம் நிறைய வந்தன. அவற்றைக் கொண்டுபோய் மாட்டெருக் குவியலில் கொட்டியவள் நான். இலைகளைப் பிடிபிடியாக அக்காவிடம் காட்டினோம். அவர் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தார். இரண்டு பிடிகளில் பூத்துணுக்கு இருப்பதாகச் சொல்லித் திருப்பித் தந்தார். அவற்றையும் துப்புரவாக்கினோம். பின்னர் இலைகளைக் கட்டி, அடுப்புக்கு மேலே புகைபடும்படி தொங்கவிட்டோம்.

மூன்று கிழமைகளுக்குப் பின் நானும் அத்தானும் பேருந்தில் பூநகரிக்குப் போனோம். பரியாரியார் பொதியை அவிழ்த்து, ஓர் இலையைக் கசக்கி மணந்தார். பொதியின் அடிவரை கையை விட்டுப் பார்த்தார்.

"பூ எங்கை தம்பி?"

"கழிச்சுப்போட்டம், ஐயா."

"எல்லாத்தையுமோ?"

"ஓம் ஐயா. ஒண்டும் விடேல்லை." அத்தானின் குரலில் அப்போதும் பெருமை இருந்தது.

பரியாரியார் கசக்கிய இலையைப் பொதியில் திரும்ப வைத்தார். "மருந்து பூவிலைதான் கிடக்கு. இலையிலை கொஞ்சம்தான். வேண்டாதது எதெண்டு நான் சொல்லியிருக்க வேணும். தெரியுமெண்டு நினைச்சுப்போட்டன்" என்றார். இருந்த இலையைக் கொண்டே இலேகியம் கிண்டித் தந்தார்.

திரும்பும் வழியில் அத்தான் என் பக்கம் திரும்பினார். "கொக்காவுக்குச் சொல்லவேண்டாம்." ஓம் என்றேன். ஒரு மொட்டும் விடாமல் பூவைக் கழிக்கச் சொன்னவர் அக்காதான். அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

வீட்டுக்கு வந்ததும் அத்தான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எருக் குவியலுக்குப் போனார். பூக்களின் மேல் மூன்று கிழமைச் சாணி விழுந்திருந்தது. தோண்டினார். கறுப்பாக ஏதோ ஒரு பிடி எடுத்து மணந்து பார்த்து, அங்கேயே போட்டார்.

"என்ன தேடுறியள்?" என்று உள்ளேயிருந்து அக்கா கேட்டார்.

"ஒண்டுமில்லை. எரு பதமோ எண்டு பாத்தன்."

இலேகியத்தை அக்கா காலையும் மாலையும் நெல்லிக்காயளவு உண்டார். "நல்லாக் காஞ்ச இலை. மணத்திலை தெரியுது" என்றார். முதல் இரண்டு நாளும் நண்பகலில் சற்றுக் கண்ணயர்ந்தார். மூன்றாம் நாள் அதுவும் இல்லை. ஆயினும் இலேகியம் தீரும்வரை உண்டார். வைகாசியில் இறந்தார். நான் அழவில்லை. மறுவாரம் பாடசாலைக்குப் போனேன்.

ஐப்பசி மழைக்கு முன் அத்தான் அந்த எருவைக் கத்தரிப் பாத்திகளுக்கு இட்டார். மழை பெய்து சில நாள்களில், பாத்திகளில் அந்தச் செடியின் முளைகள் வரிசை வரிசையாக வந்தன. நான் குசினி வாசலில் நின்று பார்த்தேன். அத்தான் அவற்றை வேறாகப் பிடுங்கவில்லை. புல்லோடு புல்லாகப் பிடுங்கி வரம்பில் போட்டார்.

நாங்கள் பூவை வைத்துக்கொண்டு இலையைக் கழித்திருந்தால் அக்கா உறங்கியிருப்பாரா என்பது எனக்குத் தெரியாது. அன்று எருக் குவியலில் அத்தான் எதைத் தேடினார் என்பதை அக்கா விளங்கிக்கொண்டாரா என்பதும் தெரியாது.